பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்கே போவது? எம்.எல்.ஏ.விடம் மாலை நேர மையம் கேட்பது எப்படி?

சென்னை,

சாயங்காலம் 4 மணி வாக்கில் அரசுப் பள்ளிகளில் மணி அடிக்கிறது. வேலைக்குப் போன அம்மா வீடு வந்து சேர 7 மணி ஆகிறது. சில வீடுகளில் 8 மணி. நடுவில் இருக்கிற 3 மணி நேரம் பிள்ளை யார் கையில்?

வீட்டு வேலை, கட்டிட வேலை, எக்ஸ்போர்ட் கம்பெனி, ஓட்டல், ஆஸ்பத்திரி துப்புரவு... எந்த வேலைக்குப் போகிற தாயைக் கேட்டாலும் இதற்கு நேரான பதில் கிடையாது. பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்குவாங்க. பெரியவ வந்து சின்னவனைப் பார்த்துக்குவா. கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோன்னு சொல்லியிருக்கோம். இப்படித்தான் பல வீடுகளில் வண்டி ஓடுகிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பார்கள். காலை 8.30-க்கு உள்ளே போனால் இரவு 8.30-க்குத்தான் வெளியே வரலாம். ஒரு ஷிப்டோடு வந்துவிட்டால் அரை ஷிப்ட் கூலி போச்சு. சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருந்து நகரத்துக்குள் வேலைக்கு வருகிற பெண்களுக்கு பஸ்சில் போகிற நேரமே பெரிய நேரம். 5 மணிக்கு வேலை முடிந்தாலும் வீட்டுக் கதவைத் திறக்க இருட்டிவிடுகிறது.

கூலியை விடுவதா, பிள்ளையை விடுவதா என்கிற இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பெண்களே போட வேண்டியிருக்கிறது.

6 வயதுக்கு மேல் சட்டமும் கை விரிக்கிறது

கைக்குழந்தைக்கு ஏதோ ஒரு ஏற்பாடு உண்டு. ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. 50 பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அது எத்தனை கம்பெனியில் நடக்கிறது என்பது தனிக் கதை.

ஆனால் காப்பகம், அங்கன்வாடி எல்லாமே 6 வயதோடு முடிந்துவிடும். 7 வயதுப் பிள்ளை 4 மணிக்கு மேல் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கூடத்தை உரிமை ஆக்கியது. அந்த உரிமை பள்ளி மணி அடித்ததும் நின்றுவிடுகிறது.

வசதி உள்ளவர்கள் டியூசனுக்கு அனுப்புகிறார்கள். 2025-ல் மத்திய அரசு நடத்திய மாதிரி ஆய்வில், நாடு முழுவதும் 27 சதவீத மாணவர்கள் தனியார் டியூசன், கோச்சிங் போவதாகத் தெரிய வந்தது. நகரங்களில் இது 30.7 சதவீதம். டியூசன் மிஸ் வீட்டுத் திண்ணையில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற 2 மணி நேரம் படிப்புக்கு மட்டும் அல்ல. 'அங்கே பத்திரமா இருக்கும்' என்கிற நிம்மதிக்கும் சேர்த்துத்தான் மாசம் 300, 500 என்று கொடுக்கிறார்கள்.

காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு செல்போன். அதுவும் இல்லாத பிள்ளைக்குத் தெரு.

காலையில் உப்புமா, மதியம் சாப்பாடு... சாயங்காலம்?

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கேட்டால் அரசியல்வாதிகள் செய்யவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காலை உணவு முதலில் 1,545 பள்ளிகளில் மட்டும்தான் வந்தது. அடுத்த வருடம், 2023 ஆகஸ்டில், சுமார் 31 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதற்குப் பிறகு கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள். 'பக்கத்து ஸ்கூல்ல போடறாங்க, எங்க ஸ்கூல்ல ஏன் இல்லை?' என்று ஜனங்கள் கேட்கிறபோது அதற்கு எந்த எம்.எல்.ஏ.வாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. திட்டங்கள் இப்படித்தான் விரியும்.

காலைக்கு வழி பிறந்தது. மதியத்துக்கு எப்போதோ பிறந்தது. சாயங்காலத்துக்கு மட்டும் இன்னும் நிரந்தரமாக ஒன்றும் வரவில்லை.

ஒரு தடவை வந்தது... ஆனால் நிலைக்கவில்லை

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, 1 முதல் 8-ம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிள்ளைகள் ஸ்லேட்டு, நோட்டைத் தொடவில்லை. அதைச் சரிக்கட்ட 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 அக்டோபர் 27-ந்தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்தார். இதற்காக ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 200 கோடி ரூபாய்.

மாலை 5 மணியில் இருந்து 7 மணிக்குள் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வகுப்பு. அந்தந்தத் தெருவிலேயே இருக்கிற படித்த பெண்கள்தான் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1 முதல் 5-ம் வகுப்பு வரை சொல்லித்தர பிளஸ்-2 படித்திருந்தால் போதும். 6 முதல் 8 வரை என்றால் டிகிரி வேண்டும். ஒருவரிடம் சுமார் 20 பிள்ளைகள். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

கோவில் மண்டபம், சமுதாயக் கூடம், வீட்டுத் திண்ணை, மரத்தடி என்று இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் நடந்தது. பாட்டு, கதை, விளையாட்டு என்று போனதால் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

பலன் இருந்ததா? இருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ என்கிற பொருளாதார ஆய்வாளர்கள், தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த 6 மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டதாக அவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படித் திரும்பி வந்ததில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது. கிட்டத்தட்ட கால் பங்கு!

ஒரு மணி நேர வகுப்பு, பிளஸ்-2 படித்த பக்கத்து வீட்டு அக்கா. அவ்வளவுதான் செலவு. அதற்கு இந்தப் பலன் என்றால் சாதாரண விஷயம் இல்லை.

பிறகு என்ன ஆச்சு? கொரோனா பயம் போனது. அடுத்தடுத்த வருடங்களில் மையங்களின் எண்ணிக்கை குறைந்தது. பல தெருக்களில் சத்தமில்லாமல் நின்றது. தொடங்கியபோது மேடை, மைக், மாலை எல்லாம் இருந்தது. நின்றபோது ஒரு போஸ்டர்கூட இல்லை.

காரணம் சிம்பிள். இது கொரோனா இழப்பைச் சரிக்கட்ட வந்த தற்காலிகத் திட்டம். சட்டசபையில் நிறைவேறிய சட்டம் அல்ல. அரசாணையில் வந்தது, அடுத்த அரசாணையில் சுருங்கலாம். வேலைக்குப் போகிற தாய்க்கு 3 மணி நேரம் நிம்மதி தர வேண்டும் என்று யாரும் இதைக் கொண்டு வரவில்லை. அந்த நிம்மதி இலவச இணைப்பாகக் கிடைத்தது. இணைப்பு போனபோது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அர்னால்டு செய்த வேலை

இந்த இடத்தில் ஹாலிவுட் நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகரைச் சொல்லியாக வேண்டும். 'டெர்மினேட்டர்' அர்னால்டுதான். 2014 செப்டம்பரில் 'ஐ' படப் பாடல் வெளியீட்டுக்குச் சென்னை வந்தாரே, அவர்.

அவர் கலிபோர்னியா கவர்னர் ஆவதற்கு முன்பே, 2002-ல், பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கான மையங்களுக்கு அரசு கட்டாயம் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை மக்கள் ஓட்டுக்கு விட முன் நின்றார். அந்த மாநிலத்தில் பொதுமக்களே ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டு வர முடியும். 49-வது தீர்மானம் என்று அதற்குப் பெயர். நவம்பர் மாதம் ஓட்டெடுப்பில் ஜெயித்தது. வருடத்துக்கு 55 கோடி டாலர் வரை இந்த மையங்களுக்கு என்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னது அந்தச் சட்டம். மாநில பட்ஜெட் ஒதுக்கீடு குறிப்பிட்ட அளவு உயர்ந்த பிறகே பணம் முழுசாக வர வேண்டும் என்று நிபந்தனை இருந்ததால், 2006-ல்தான் கையில் கிடைத்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் போய்க் கெஞ்ச வேண்டிய வேலை குறைந்தது.

சட்டத்துக்கும் திட்டத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலை 1-ந்தேதி, மாநிலங்களுக்குப் போக வேண்டிய பள்ளிக் கல்வி நிதியை டிரம்ப் அரசு நிறுத்தி வைத்தது. அதில் மாலை நேர மையங்களுக்கான 130 கோடி டாலருக்கு மேற்பட்ட பணமும் மாட்டிக்கொண்டது. இத்தனைக்கும் இந்த மையங்களுக்குச் சுமார் 14 லட்சம் பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோர்களும் மையம் நடத்துபவர்களும் அவரவர் எம்.பி.க்களுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் டிரம்பின் சொந்தக் கட்சி செனட்டர்கள் 10 பேரே கையெழுத்துப் போட்டு 'பணத்தை விடுங்கள்' என்று கடிதம் எழுதினார்கள். அந்த வாரமே மாலை நேர மையங்களுக்கான பணம் விடுவிக்கப்பட்டது.

எதிர்க்கட்சி கத்தியதைவிட ஆளுங்கட்சிக்காரர்கள் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பலம் அதிகம் என்பதற்கு இது உதாரணம். நம்ம ஊருக்கும் இது பொருந்தும்.

எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது

பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். 'அந்தப் பணத்துல எங்க தெருவுக்கு ஒரு டீச்சர் போடுங்க' என்று கேட்டால் அவரால் முடியாது. அது கட்டிடம், சுற்றுச்சுவர், கழிப்பறை, வகுப்பறை மாதிரி நிற்கிற சொத்துகளுக்கான பணம். மாசா மாசம் சம்பளம் கொடுக்க அதில் வழி இல்லை. எம்.பி.க்கு வருகிற 5 கோடி ரூபாய் நிதியும் அப்படித்தான்.

அதனால் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடம், கட்டிடம், கழிப்பறை, லைட் எல்லாம் எம்.எல்.ஏ. நிதியில். ஆள் சம்பளம், சுண்டல், நோட்டுப் புத்தகம் எல்லாம் அரசு பட்ஜெட்டில். முதல் கோரிக்கைக்கு அவர் கையெழுத்துப் போதும். இரண்டாவதுக்கு அவர் சட்டசபையில் வாய் திறக்க வேண்டும்.

எழுப்புவதற்கு வழிகள் நிறைய. அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். கேள்வி நேரத்தில் கேட்கலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிப் பெயரைச் சொல்லிப் பேசலாம். சபையில் அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது அவைக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு அந்தத் தாளைக் காட்டியே நடையாய் நடக்கலாம்.

2022 ஆகஸ்டில் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைக் கலெக்டர் மூலம் எழுதித் தரச் சொல்லி முதல்-அமைச்சர் கடிதம் அனுப்பினார். ரோடு, பாலம், பஸ் நிலையம் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. அந்தப் பத்தில் பள்ளி விட்ட பிள்ளைகளுக்கு ஒரு இடம் என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? தொகுதியில் யாரும் கேட்காத ஒன்றை எம்.எல்.ஏ. தானாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

ஒரு பிள்ளை, நாலு துறை

எம்.எல்.ஏ.வைப் பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

பள்ளிக் கட்டிடம் பள்ளிக் கல்வித் துறையிடம். சென்னையில் பல பள்ளிகள் மாநகராட்சியிடம். சமையல் கூடமும் சத்துணவு அமைப்பாளரும் சமூக நலத் துறை. சில பகுதிகளில் போலீசார் நடத்துகிற சிறுவர், சிறுமியர் மன்றங்களில் சாயங்கால டியூசன், கேரம், குத்துச்சண்டை எல்லாம் உண்டு. அது காவல் துறை. நகராட்சிகளில் புதிதாகக் கட்டிய அறிவுசார் மையங்கள் நகராட்சி நிர்வாகத் துறை.

எல்லாம் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று பேச்சுவார்த்தைதான் இல்லை. 4 மணிக்குப் பள்ளியைப் பூட்டுகிறார்கள். அதே தெருவில் மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடக்கிறது. பூட்டிய வகுப்பறையில் பேனும் லைட்டும் சும்மா இருக்கிறது!

தலைமை ஆசிரியரைக் கேட்டால், 'பூட்டு உடைஞ்சா யார் பொறுப்பு?' என்பார். அவர் கேட்பதும் சரிதான். சாயங்காலம் சாவி யாரிடம், பொறுப்பு யாருக்கு என்று மேலே இருந்து எழுத்தில் உத்தரவு வந்தால்தான் அவரும் துணிவார். துறைகளை ஒரே மேஜையில் உட்கார வைக்கிற வேலையைக் கவுன்சிலரால் செய்ய முடியாது. எம்.எல்.ஏ. கேட்டால் கலெக்டர் கூட்டம் போடுவார்.

மனுவுக்கு முன்னால் தீர்மானம்

வெறும் மனுவைவிடத் தீர்மானத்துக்கு மரியாதை அதிகம். அதற்கு முதல் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிற கமிட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் அதிகாரம் இதற்குச் சட்டத்திலேயே இருக்கிறது. 'மாலை 4 முதல் 7 வரை வகுப்பறையைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்' என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், அதை ஓரம் கட்டுவது அதிகாரிகளுக்குச் சுலபம் இல்லை.

கிராமத்தில் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்ட வேண்டும். நகரங்களில் 2022 நவம்பர் 1-ந்தேதி முதல் பகுதி சபை நடத்த ஆரம்பித்தார்கள். பெண்கள் நாலு பேர் எழுந்து நின்று கேட்டால் போதும். தண்ணீர், சாக்கடைக்கு நடுவில் இதையும் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொண்டார்களா என்று கூட்டம் முடிவதற்குள் நோட்டை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

மனுவில் எழுத வேண்டியது

'ஐயா, எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம்...' என்று 3 பக்கம் எழுதினால் எம்.எல்.ஏ.வின் பி.ஏ. முதல் வரியோடு நிறுத்திவிடுவார். ஒரே பக்கம். கணக்கு வேண்டும். இப்படி எழுதலாம்:

'எங்கள் தெருவில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இத்தனை பேர். இவர்களில் தாய், தந்தை இருவரும் மாலை 6 மணிக்கு மேல் வீடு திரும்பும் வீடுகள் இத்தனை. முன்பு இங்கே மாலை வகுப்பு நடந்து, இந்த மாதம் நின்றது. வகுப்பு நடத்த இந்தப் பள்ளியில் 2 அறைகள் உள்ளன. கழிப்பறை உண்டு, தண்ணீர் உண்டு, வெளி விளக்கு இல்லை. மேலாண்மைக் குழுத் தீர்மான நகல் இணைத்துள்ளோம். விளக்கு, சுற்றுச்சுவர் கதவு ஆகியவற்றைத் தொகுதி நிதியில் செய்து தரவும், தன்னார்வலர் நியமனம் பற்றிச் சட்டசபையில் பேசவும் கேட்டுக் கொள்கிறோம்.'

வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மகளிர் குழு அக்காக்கள் இறங்கினால் அரை நாள்.

செலவுக் கணக்கையும் சேர்க்கலாம். இல்லம் தேடிக் கல்வியில் மாசம் 1,000 ரூபாய்க்கு 20 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாசம் 50 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை! ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். மாசத்தில் 22 நாள், ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், அந்தத் தன்னார்வலர் பெண்ணுக்கு மணிக்கு 30 ரூபாய்தான் கிடைத்தது. அவசரத்துக்கு அது சரி. வருடக்கணக்கில் நடக்க வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் நல்ல ஆட்கள் நிலைக்க மாட்டார்கள். மையம் வேண்டும் என்று கேட்கிறவர்கள், அதில் வேலை பார்க்கிற பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்பதுதான் முறை. அதுவும் ஒரு தாயாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வரி அவசியம். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், சொல்லித்தருகிறவர் பற்றி விசாரித்துத்தான் நியமிக்க வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று மனுவிலேயே போட்டுவிடலாம். பத்திரம் என்று நம்பித்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள்.

எப்போது, எங்கே கொடுப்பது?

கல்யாண வீட்டில், காதுகுத்தில், திறப்பு விழாக் கூட்டத்தில் எம்.எல்.ஏ. கையில் திணிக்கிற மனு, பக்கத்தில் இருக்கிற கட்சிக்காரர் பாக்கெட்டுக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியும் சீலும் வாங்க வேண்டும். 5 பேராகப் போனால் போதும். 50 பேர் போனால் போராட்டம் என்று நினைத்து விடுவார்கள்.

தேர்தல் இல்லாத வருடங்களில் பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதம் வருகிறது. துறைகளில் அதற்கான வேலை முந்தின வருடக் கடைசியிலேயே தொடங்கிவிடும். மார்ச்சில் போய்க் கேட்டால் பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்வது மாதிரி. தீபாவளி முடிந்த கையோடு கொடுப்பது நல்லது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு நகல் கொடுக்கலாம். அங்கே மனு எண் கொடுப்பார்கள். முதல்வரின் உதவி மையம் 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

பல வருடமாகக் கேட்டும் நடக்கவில்லையா? சட்டசபையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. எம்.எல்.ஏ.க்கள்தான் உறுப்பினர்கள். மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன்பு கலெக்டர் அலுவலகம் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்கும். ஒரு மனுவில் ஒரு பிரச்னைதான் இருக்க வேண்டும். அது பொதுப் பிரச்னையாக இருக்க வேண்டும். கோர்ட்டில் உள்ள விஷயம், சொந்த வேலை வாய்ப்பு, கடன், பட்டா கேட்கிற மனுக்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெருப் பிள்ளைகளுக்கு மையம் கேட்பது பொதுப் பிரச்னைதான். குழு எடுத்துக்கொண்டால் சம்பந்தப்பட்ட துறை அதிகாரி நேரில் வந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

'உங்கள் பகுதியில் மையமே தேவை இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது' என்று பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். எங்கள் வார்டில் 2022-ல் எத்தனை மையம் இருந்தது, இப்போது எத்தனை, மூடியது எந்த உத்தரவின்படி, அந்த ரிப்போர்ட்டின் நகல் எங்கே? 30 நாளில் பதில் வர வேண்டும். 'தேவை இல்லை' என்று எழுதியவர் அந்தத் தெருவுக்கு வந்தாரா, எந்த மணிக்கு வந்தார் என்பதையும் கேட்கலாம். காலை 11 மணிக்கு வந்து பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் பள்ளியில்தான் இருக்கும்.